ட்ரைவர் பக்கம்

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மணமகள் ட்ராமில் வந்து இறங்கினாள்!

வெள்ளைக் கவுணைத் தோழிகள் தூக்கிப் பிடிக்க, பின்னால் தகப்பன் சூசை. கோட்டு, சூட்டு, டை. நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். ட்ராமில் இருந்த ஜேர்மன்காரர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள். கோயில் வாசலில் நின்ற எனக்குக் கை வரவில்லை. அவள் அப்பாவின் காரில் வந்திருக்க வேண்டியவள். அது ஓடாமல் போனதற்குக் காரணம்... நான்.

சூசை மன்னாரில் லொறி ஓட்டியவன். இங்கே ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில் பேக்கரி வேலை. இங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் பட்டாளம் ஊர் திரும்பியபோது ஒரு சிப்பாய் விட்டுப்போன பழைய காரை வாங்கினான் — பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு, உடம்பெல்லாம் துரு. தட்டி, ஒட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்தான். பார்த்தால் கண் கூசும்.

முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிந்தால் சனம் என்னைத்தான் சுற்றி நிற்கும். அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வாசித்துச் சொல்ல வேண்டும். இப்போது எல்லோரும் சூசையின் கராஜுக்கு! என் மனைவிகூட.

"சூசைத் தம்பியின்ர பொறுமையைப் பாருங்கோ. நீங்கள் ஒரு பல்ப் மாத்த ஒரு கிழமை எடுப்பியள்."

நானோ இலங்கையில் பஸ் டிப்போ எஞ்சினியர். இங்கே ஓட்டுநர் லைசென்ஸ்கூட இல்லாதவன். வயிறு எரியாதா?

எஞ்சினை வெளியே இறக்கி வைத்திருந்தபோது அதன் ஆங்கில மனுவல் புத்தகத்தை நான்தான் அவனுக்குத் தமிழில் சொன்னேன். "முதலாம் சிலிண்டர் ட்ரைவர் பக்கம், முன்னால." அவன் எஞ்சினின் வலப்பக்கத்தில் சோக்கால் 'ஒன்று' போட்டான். நானும் தலையாட்டினேன். ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிய ஆட்கள் அல்லவா நாங்கள்? அமெரிக்கக் காரில் ட்ரைவர் இடப்பக்கம்! சிலிண்டர்களுக்குத் தீப்பொறி கொண்டுபோகும் பிளக் வயர்கள் அத்தனையும் பக்கம் மாறிப் போயின.

அதுவரை அது வெறும் பிழைதான்.

கல்யாணத்துக்கு முந்திய கிழமை எஞ்சினைக் காரில் ஏற்றிச் சாவியைத் திருகினான். இருமியது. வெடித்தது. கார்பரேட்டர் வழியாகத் தீயைத் துப்பியது.

"என்னண்ணை இது? பிள்ளை இந்தக் காரிலதான் கோயிலுக்கு வருவன் எண்டு நிக்கிறாள். ஏதாவது சொல்லுங்கோ!"

ஸ்டியரிங்கைப் பார்த்தேன். உடனே விளங்கிவிட்டது. வயர்களை மாற்றிக் கொழுவினால் முடிந்தது. வாயைத் திறந்தேன்...

"கார்பரேட்டரைக் கழட்டிப் பார்."

ஏன் சொன்னேன்? அவன் தோற்பதை ஒருதரம் பார்க்க ஆசை. வேறொன்றுமில்லை.

கழற்றினான், கழுவினான், பூட்டினான். பெற்றோல் பம்பை மாற்றினான். கல்யாணக் காலையிலும் "கடைசியா ஒருக்கா" என்று திருகிக்கொண்டே இருந்திருக்கிறான். அதற்குள் சொந்தக்காரரின் கார்கள் எல்லாம் கோயிலுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது ட்ராம்.

"என்ன சூசை, கார் நித்திரையோ?" என்று ஒருவர் வாசலில் சீண்டினார்.

"ஓம், அதுக்கும் சனிக்கிழமை லீவாம்!" சிரித்துவிட்டு என் தோளில் கை போட்டான். "பாவம் அண்ணை. தன்னால ஏலுமானதெல்லாம் செய்து பார்த்தவர்."



திங்கட்கிழமை கராஜுக்குப் போனேன். "சூசை, இந்தக் காருக்கு ட்ரைவர் பக்கம் எண்டா இடப்பக்கம். வயரை மாத்து." மாற்றினான். முதல் திருகிலேயே உறுமியது!

"எப்பிடியண்ணை கண்டுபிடிச்சனீங்கள்? எஞ்சினியர் மூளை எண்டா சும்மாவோ!" கட்டிப்பிடித்துக்கொண்டான்.

போன கிழமையே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டு இனித்தது. பொறாமை வயதோடு போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல் போய்விட்டது, முடி போய்விட்டது... அது மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது.

அதனால்தான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். சூசை பத்திரிகை வாசிப்பதில்லை — அவன் மனைவி ஒரு எழுத்து விடமாட்டாள்.