கத்தரிக்காயின் துண்டு

ஒகயாமா ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களுக்கென்று ஓர் அறை உண்டு. அங்கே தொலைபேசி அடித்தால், "தொலைந்த பொருள் அறை, ஒரிகாசா பேசுகிறேன்" என்று ஒரு குரல் வரும். குடையோ, பல்செட்டோ, ஒருமுறை வந்த உயிருள்ள ஆமையோ, எதற்கும் அந்தக் குரல் ஏறி இறங்கியதில்லை. ஒரிகாசா மசாருவை ஊர் அறிந்தது அவ்வளவுதான்.

'ஈரத் தீக்குச்சி' என்ற ராக் குழுவின் பின்னால் அவர் ஊர் ஊராகத் திரிவது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த ரசிகர் கூட்டத்தில் அவர் பெயர் இஞ்சி. கூடவே வரும் தோழர் கத்தரிக்காய். ரசிகர்களுக்குள் பட்டப்பெயர்தான் புழங்கும். நிஜப் பெயர், வேலை, வீடு எதையும் கேட்பது நாகரிகமில்லை. கச்சேரி நடக்கும் ஊரில் இருவரும் அந்த ஊர்ப் பண்டம் ஒன்றைத் தின்பார்கள், உயரமான ஓர் இடத்தில் ஏறுவார்கள், பிறகு மேடைக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தரிக்காயின் தலையில் குழுவின் சிவப்புத் துண்டு எப்போதும் இறுகக் கட்டியிருக்கும்.

அதே போன்ற துண்டு ஒன்று ஒருமுறை ஒரிகாசாவின் அறைக்கு வந்தது. மட்சுயாமா ஊர்க் கோயில் பிட்சு ஒருவர் மிகப் பணிவாகத் தொலைபேசியில் கேட்க, ஒரிகாசா பார்சலில் அனுப்பிவைத்தார். அடுத்த கச்சேரியில், யாரோ சொன்ன கதை போல அதைக் கத்தரிக்காயிடம் எடுத்துவிட்டார்.

"யோவ் கத்தரிக்கா, எவனோ ஒரு சாமியாரோட உருப்படாத பையன் நம்ம கூட்டத்துல இருக்கான்யா!"

கத்தரிக்காய் புரையேறும்வரை சிரித்தார்.

குழுவின் இந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரி மட்சுயாமாவில். அதோடு டிரம்மர் குழுவை விட்டுப் போகிறார். இதைத் தவறவிட்டால் அவரை இனி மேடையில் பார்க்க முடியாது. இரண்டு சீட்டும் வழக்கம்போல் கத்தரிக்காயின் கைபேசியில்தான் இருந்தன. காலையில் செய்தி வந்தது: "திடீர்னு வேலை. நீ ஊரைச் சுத்து. வாசல்ல பாப்போம்."

ஒரிகாசா தனியாகக் கோட்டை ஏறினார். சுடச்சுடப் பொரித்த மீன் அப்பத்தை நின்றபடியே தின்றார். இறங்கி டிராம் தண்டவாளத்தை ஒட்டி நடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவரிடம் அன்று குடை இல்லை. ஒரு கோயில் வாசலில் ஒதுங்கினார்.

உள்ளே சாவு. மரத்தாளம் சீராக விழ, பிட்சு சூத்திரம் ஓதிக்கொண்டிருந்தார். ஒரிகாசாவின் பிடரி மயிர் சிலிர்த்தது. அடித்தொண்டையில் கரகரத்து, முடிவில் சற்றே பிசிறும் அந்தக் குரல், பதினோரு வருடமாக அவர் காதுக்குள் கத்திய குரல்.

எட்டிப் பார்த்தார். கறுப்பு அங்கி. மழித்து மினுமினுக்கும் தலை. அந்தத் தலையை அவர் கண்டதேயில்லை. அதன் கீழிருந்த முகம் கத்தரிக்காய்.

பிட்சுவும் நிமிர்ந்து பார்த்தார். மரத்தாளத்தில் ஓர் அடி தவறியது.

ஓதி முடித்து பிட்சு வாசலுக்கு வந்தபோது, இறந்தவரின் மனைவியும் பின்னாலேயே வந்தார்.

"தெரிஞ்சவரா சாமி?"

"மழைக்கு ஒதுங்கியிருக்கார் தாயே." பிட்சு ஒரு குடையையும் துணியில் முடிந்த படையல் இனிப்பையும் நீட்டினார். "சாயந்தரம் ஆறு மணிக்கு இங்க இரவு விழிப்பு. ஓத என்னை விட்டா ஆள் இல்ல. நீங்க பத்திரமாப் போங்க ஐயா."

அந்தம்மா திரும்பியதும் குனிந்து முணுமுணுத்தார்: "பூட்டுக்கு டிரம்மர் பொறந்த நாளு. ஓடுயா!"

துணிக்குள் இனிப்புக்கு அடியில் கைபேசி இருந்தது. டிரம்மரின் பிறந்த நாளை அழுத்தியதும் பூட்டு திறந்தது.

அரங்க வாசலில் கூட்டம் நெரித்தது. சீட்டு வாங்கியவர் நானே என்று சொல்லிவிடத் துணிந்து, ஒரிகாசா கைபேசியை நீட்டினார். சீட்டுப் பார்க்கும் பெண் அதைப் படித்தாள்.

"வாங்கினவர் ககேயுரா ரியோஜுன். கூட வர்றவர் ஒரிகாசா மசாரு. நீங்க யாரு?"

ஒரிகாசா திரையில் இருந்த இரண்டு பெயரையும் பார்த்தார். தன் பெயரை அவர் கத்தரிக்காயிடம் சொன்னதேயில்லை. இந்த இரண்டு பெயரையும் ஒன்றாக அவர் எழுதியது ஒரே இடத்தில்தான்: அந்தத் துண்டுப் பார்சலின் மேல். பெறுநர் அவர், அனுப்புநர் இவர். அப்படியானால், தான் அந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கே கத்தரிக்காய்க்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சிரித்திருக்கிறான்.

"ஒ... ஒரிகாசா" என்று உண்மை தானாக வந்து விழுந்தது.

"அப்போ வாங்கினவர்?"

"சாவுக்கு ஓதிக்கிட்டிருக்கார்."

பின்னால் ஒருவன் கத்தினான்: "இதைவிட நல்ல சாக்கு கிடைக்கலையா பெரியவரே!"

அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்தாள். அப்படிப் பேயறைந்த முகத்தோடு யாரும் பொய் சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். "சீட்டுக்கு ஒரு பானம் வாங்கியே ஆகணும். ரெண்டு பேருக்கும் பானக் காசு கட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஆக, கடைசிப் பாட்டில் அரங்கமே குதித்தபோது, இரண்டு கையிலும் நிரம்பிய கோப்பையோடு அசையாமல் நின்ற ஒரே ஆள் ஒரிகாசாதான்.

மறுநாள் காலையில் கோயில் வாசலைப் பிட்சு பெருக்கிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற ஒரிகாசாவுக்கு அவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. கைபேசியை நீட்டினார். வாய் தானாகப் பேசியது:

"தொலைந்த பொருள் அறை, ஒரிகாசா பேசுகிறேன்."

பிட்சு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு புரையேறச் சிரித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கடைசியில டிரம்மர் குச்சியைக் கூட்டத்துல எறிஞ்சானா? யாருக்குக் கிடைச்சுது?"

"நேரா என் நெஞ்சுலதான் வந்து விழுந்துச்சு."

"எங்க, காட்டு!"

"பிடிக்கலை. பக்கத்துல இருந்தவன் எடுத்துட்டான். ரெண்டு கையிலயும் கோப்பை."

"ஒண்ணைக் கீழ போடுறதுக்கென்னய்யா?"

"அது உன்னோடது."

துடைப்பம் கைநழுவி விழுந்தது. "அடப்பாவி இஞ்சி!" என்று கோயில் வாசலென்றும் பாராமல் கத்தினார் பிட்சு.