மடங்காத பெருவிரல்

பாம்பன் ரயில் பாலத்தில் நான் கீமேனாக இருந்தேன். தினமும் காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபம் பக்கமிருந்து கிளம்புவேன். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்தபடி, கட்டைக்குக் கட்டை கால் வைத்து அக்கரை வரை போக வேண்டும். கட்டைகளின் இடைவெளியில் கடல் தெரியும்.

முப்பத்தெட்டு வயதில் வலது காலின் பெருவிரல் விறைத்துக்கொண்டது. முதலில் காலையில் மட்டும்தான். பிறகு மூட்டின் மேல் புளியங்கொட்டை அளவுக்கு எலும்பு புடைத்தது. அடுத்த அடிக்காக விரலை ஊன்றும்போதெல்லாம் கண்ணில் நீர் வந்துவிடும். மனைவி நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள். சூடு இருக்கும்வரைதான் சுகம்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். அலறிவிட்டேன்.

"மூட்டு தேஞ்சுபோச்சுப்பா. இனிப் பழையபடி ஆகாது. மடங்கினாத்தான வலிக்கிது? மடங்காம இருக்க ஷூவுக்குள்ள ஒரு கெட்டித் தகடு வச்சுக்க" என்றவர், தாளில் படமும் வரைந்து கொடுத்தார்.

அந்தத் தாளோடு பரமக்குடியில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் போனேன். என் பாதத்தை அட்டையில் வைத்துக் கோடு இழுத்தார். இரண்டு தோலுக்கு நடுவே, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை மெல்லிய எஃகுப் பட்டையை வைத்துத் தைத்து, என் கான்வாஸ் ஷூவுக்குள் பொருத்தினார்.

"நடந்து பாருங்கண்ணே."

கடைத்தெருவில் நடந்தேன். விரல் மடங்கவில்லை, வலிக்கவும் இல்லை. ஸ்டேஷன் வரை வேகமாகவே போனேன். வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குக் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினேன். அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் பாலத்தில்தான் விஷயம் தெரிந்தது. அங்கே காற்று ஆளைத் தள்ளும். அப்போது விரல்கள் வளைந்து கட்டையைப் பற்ற வேண்டும். என் காலோ பலகை போல நின்றது. பாதிப் பாலத்தில் வழுக்கி, வலது கால் தொடை வரை இடைவெளிக்குள் இறங்கிவிட்டது. சுத்தியல் கடலில் விழுந்தது. நான் தண்டவாளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் வந்த கேங்மேன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "மாப்ள, அந்தத் தகட்ட மொதல்ல கழட்டு. உசிரு போயிரும்" என்றார்.

கழற்றினேன். அதன் பிறகு பாலத்தின் முனைவரை தகட்டோடு வருவேன். அங்கே அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நடப்பேன். ஒருநாள் இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் வந்த தன் டிராலியை நிறுத்தி, நான் நொண்டுவதைப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்பிடி?"

"ஒரு வருசமா அய்யா."

"நாளையிலயிருந்து பாலத்துக்கு வராத."

"எனக்கு வேற வேல தெரியாதுங்க."

அவர் டிராலியைத் தள்ளச் சொன்னார். டிராலி போய்விட்டது.

இராமநாதபுரம் பக்கம் ஒரு ரயில்வே கேட்டைக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி. கேட்டைச் சாத்துவேன், திறப்பேன், மீதி நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பேன். அடுத்த மழைக்காலத்தில் இடது பெருவிரலும் விறைக்க ஆரம்பித்தது.

"பரமக்குடிக்குப் போயி அந்தக் காலுக்கும் ஒண்ணு தச்சுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"எங்கன நடக்கப் போறேன்?" என்றேன். போகவே இல்லை.