வெளிறிப்போன பதில்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், ஞாயிறு மதியம் உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும், மென்பொருள் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து எல்லோரும் கைபேசியை எடுப்போம். உலகம் முழுக்க உள்ள மென்பொருள்காரர்கள் கூடி வாதாடும் ஒரு இணைய மன்றம் உண்டு. எங்களில் யாராவது அந்த வாரம் அதில் எழுதியிருப்பார்கள். இணைப்பு எங்கள் அரட்டைக் குழுவில் வந்து விழும். கூடவே ஒரு குரல்: "தூக்கி விடுங்கப்பா!"

அந்த மன்றத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் இரண்டு அம்புகள். மேலம்பை அழுத்தினால் கருத்து ஏறும். கீழம்பை அழுத்தினால் இறங்கும். நிறையப் பேர் கீழம்பை அழுத்திவிட்டால் எழுத்து சாம்பல் நிறமாகி, மேலும் வெளிறி, கடைசியில் மடங்கி ஒற்றை வரிக்குள் போய்விடும். வேண்டுமென்று திறந்தால்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் மேலம்பை அழுத்துவோம். கலியாண வீட்டு மொய் மாதிரிதான்; இன்று உனக்கு, நாளை எனக்கு. படித்தாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வழக்கம் ஒரு காயத்திலிருந்து வந்தது. எங்களில் ஒருவன் அங்கே முதன்முதலாக எழுதியபோது, அவன் பெயரைப் பார்த்த ஒருவர், "மலிவாக ஆள் கிடைக்கும் நாட்டிலிருந்து மலிவான யோசனை" என்று எழுதினார். அதற்கு மேலம்புகள் குவிந்தன. அன்றைக்கு எங்களில் மூத்தவரான கோயம்புத்தூர்க்காரர் சொன்னார்: "நமக்கு நாமதான்டா. வேற எவனும் வரமாட்டான்."

அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மேல்படிப்புக்காகப் பாரிஸில் வந்து இறங்கிய முதல் வாரம், பிரெஞ்சு வாயில் நுழையாமல் நின்ற என்னை, தங்கும் அனுமதி தரும் பிரெஃபெக்சர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், எனக்கு முன்னால் நின்று பேசியவர் அவர். புறநகரான கார்ஜ் லே கொனெஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் எனக்கு அறை பிடித்துத் தந்ததும் அவர்தான். ஞாயிறு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டவரும் அவரே. அந்த நாற்காலி என் அம்மாவுக்கும் தெரியும். ஞாயிறு மதியம் அம்மா அழைக்கும், "கூட யாருடா இருக்கா?" என்று கேட்கும். நான் பதில் சொல்வதில்லை. கைபேசியை மேசையைச் சுற்றி அனுப்புவேன். "அம்மா, உங்க பையன் மூணாவது தடவ சோறு வாங்குறான்" என்று யாராவது கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கப் போதும்.

போன வசந்தத்தில் அண்ணா ஒரு கட்டுரை எழுதினார். அவர் அலுவலகத்தில் ஒரே பெரிய மென்பொருளாக இருந்ததைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடவிட்டார்களாம். எல்லாம் வேகமாகிவிட்டது, சின்ன நிறுவனங்களும் இப்படித்தான் செய்யவேண்டும் என்பது கட்டுரை. நாங்கள் தூக்கிவிட்டோம். அது முதல் பக்கத்துக்கே போய்விட்டது. அண்ணா அன்று எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தார்.

மறுநாள் அதன் கீழே முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். திட்டவில்லை. "ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்தில் இதைச் செய்தால், ஏதாவது ஒன்று நின்றுபோகும்போது எந்தத் துண்டு நின்றது என்று தேடுவதே வேலையாகிவிடும். முன்னால் எவ்வளவு நேரம் எடுத்தது, இப்போது எவ்வளவு என்று கட்டுரையில் இல்லையே?" அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் செய்தி வந்தது: "ஒருத்தன் வந்துட்டான். அமுக்குங்க."

நான் படிப்பு முடித்துச் சேர்ந்திருந்த அலுவலகத்தில் இருந்தேன். அந்தக் கருத்தை இரண்டாவது முறை படித்தேன். அவர் எழுதியது எங்கள் கதை. எங்களுடையதும் சின்ன நிறுவனம்தான். நான் சேருவதற்கு முன் அங்கே அதே மாதிரி உடைத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டுவதற்குத்தான் என்னையே வேலைக்கு எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எழுத்து சாம்பலானது. அழுத்தியவர்களில் பாதிப் பேருக்கு மேல் என் நண்பர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிவந்து என் கையில்தான் கொடுப்பார்கள். நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சீட்டில் இருப்பதை மாற்றிச் சொன்னால் அம்மா மாத்திரையை நிறுத்திவிடும். அதனால் சின்ன வயதிலேயே எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எழுதியிருப்பது ஒன்றாகவும் நான் சொல்வது வேறொன்றாகவும் இருந்துவிடக் கூடாதே என்று இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்வேன். பள்ளியில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று பாடும். நானும் பாடியிருக்கிறேன். புரியாமல் பாடிய பாடத்தை வீட்டுக்கு வந்ததும் திரும்ப எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன்.

அந்தப் புதியவருக்கு மேலம்பை அழுத்தினேன். கீழே எழுதினேன்: "நாங்களும் இதைச் செய்தோம். இவர் சொல்வதுதான் நடந்தது. கட்டுரை எழுதியவர் என் நண்பர். அவரிடம் அந்த நேரக் கணக்கு இருந்தால் போடச் சொல்கிறேன்."

நண்பர் என்று நான் எழுதியது மரியாதைக்காக. அதை அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் வேறொருவர் என் கருத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: "பாருங்கள், இவர்களில் ஒருவரே ஒத்துக்கொள்கிறார். இந்த நாட்டுக்காரர்கள் எழுதுவது எல்லாமே இப்படித்தான்." அதற்கு மேலம்புகள் ஏறிக்கொண்டே போயின. என் கருத்தும் கூடவே ஏறியது. நான் அங்கே எழுதியவற்றில் அதிக மேலம்பு வாங்கியது அதுதான். பார்க்கவே கூசியது. உடனே அந்த ஆளுக்குப் பதில் எழுதினேன்: "நான் ஒரு கட்டுரையில் உள்ள ஒரு தவறைச் சொன்னேன். ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லி நீங்கள் இதைச் சொல்லாதீர்கள்." அது கொஞ்ச நேரத்தில் சாம்பலாகி, மடங்கி, உள்ளே போய்விட்டது.

எங்கள் குழுவில் யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குழு அப்படியே ஊமையானது. பண்டிகை வாழ்த்துக்கூட வரவில்லை. வேறொரு குழு திறந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று.

அது நடந்த வாரத்து ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு உணவகத்துக்குப் போய், வாசலில் நின்று பார்த்தும் யாரும் வராததால் தனியாக உள்ளே நுழைந்தேன். பரிமாறும் யாழ்ப்பாணத்து அண்ணை என்னைக் கண்டதும் இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட ஆரம்பித்தார்.

"வேண்டாம்ணே. நான் மட்டும்தான்."

"என்ன தம்பி, உங்கட ஆக்கள் எங்கை? எல்லாரும் ஒரேயடியாக் கலியாணம் கட்டிப் போட்டினமோ?"

"வேலைண்ணே."

"ஞாயிற்றுக்கிழமையுமோ? நல்ல வேலைதான்." அவர் மேசைகளைத் திரும்பவும் பிரித்தார். "அப்ப இஞ்சை சுவரோரமா இருங்கோ. இது ஒராளுக்குக் காணும்."

அம்மா அழைத்தது. "பசங்க சத்தத்தையே காணோம்?" என்றது. வெளியே நிற்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "இன்னைக்கு நான் தனியாத்தான் வந்தேன்மா" என்றேன். அம்மா, "சரி, வயிறு நிறையச் சாப்பிடு" என்றது.

பிறகு ஒரு நாள் லா ஷப்பேலின் ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் கோவிலை விட்டு வெளியே வந்த அண்ணாவை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். நெற்றியில் விபூதி. தப்பிக்க இருவருக்குமே வழியில்லை.

"எளைச்சுட்டியேடா" என்றார்.

"இல்லண்ணா."

"ஏன்டா, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? போன் பண்ணி, அண்ணா, தப்புன்னு சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேன். ஊரே பாக்கற எடத்துல போய்..."

"அமுக்கினதும் ஊரே பாக்கற எடத்துலதானேண்ணா."

அவர் சிரிக்கவில்லை. "உன்னைய வச்சுத்தான் அவன் நம்ம எல்லாரையும் சேத்து அடிச்சான். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். அவனுக்குப் பதில் எழுதினேன். நீங்க பாக்கலையா?"

"எங்க எழுதின?"

கைபேசியை எடுத்து, மடங்கிக் கிடந்ததைத் திறந்து காட்டினேன். வெயிலில் அந்தச் சாம்பல் எழுத்து தெரியவில்லை. அவர் கையால் நிழல் கட்டிக்கொண்டு படித்தார். முழுசாகப் படித்தார் என்று நினைக்கிறேன், நேரமெடுத்தது.

"இதுக்கு ஒருத்தன்கூட வரலையா?"

"நீங்க யாரும் வரலையேண்ணா."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பசங்க கோவமா இருக்கானுங்க. நீ அந்த மொதக் கருத்த மட்டும் அழிச்சிரு. நான் பேசிக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழமையே வந்து உக்காரு. எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

"அதுல எழுதினது தப்பாண்ணா?"

தெருவைப் பார்த்தார். "தப்புன்னு நான் சொன்னனா?"

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மெட்ரோப் பக்கம் போனார். கோபமான தட்டு இல்லை. அதனால்தான் அன்று இரண்டு முறை அழிக்கும் பொத்தான்வரை போனேன். அழிக்கவில்லை. என் பதிலையும் பார்த்தேன். யாரோ ஒருவராவது வந்து தூக்கியிருப்பாரோ என்று அடுத்த சில நாட்களும் பார்த்தேன். அது மடங்கியேதான் கிடந்தது.

இப்போது ஞாயிறுகளில் காலையிலேயே லா ஷப்பேல் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு, அவர்கள் வரும் நேரத்துக்குள் கார்ஜுக்கு ரயில் ஏறிவிடுகிறேன். அறையில் சாம்பார் வைக்கிறேன். இங்கே முருங்கைக்காயைக் கட்டாகத்தான் தருகிறார்கள். ஒரு ஆளுக்கு அது அதிகம். வாரக் கடைசிவரை அதையே சாப்பிடுகிறேன்.