படைக்காத பொரி

ஞானஜோதியை ரெஜிஸ்ட்ரார் என்று சொன்னால், கிழக்குத் தாம்பரத்தில் அவள் சர்ச்சுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணத்தைப் பதிய என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது. வெளிநாடுகளிலிருந்து கலைப்பொருள்கள் வந்து இறங்கும் பெரிய கண்காட்சிகளில், ஒவ்வொரு பொருளும் வந்த மேனிக்கே திரும்பிப் போவதற்குப் பொறுப்பு அவள். கலைஞர்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார்கள், இவள் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பாள். இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

இந்த முறை ஊரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகையில் கண்காட்சி. பல நாட்டுக் கலைஞர்கள், ஆளுக்கொரு பிடிவாதம். ஒருவருக்கு இருட்டறை வேண்டும், இன்னொருவருக்குக் கூரையிலிருந்து படகைத் தொங்கவிட வேண்டும். ஏணி, கயிறு, விளக்கு எல்லாவற்றையும் ஜெயவேலுவின் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். முடிச்சூர்க்காரர் ஜெயவேலு, பல வருஷமாக ஞானஜோதிக்கு வலது கை.

வந்த பெட்டிகளில் போர்ச்சுகல் பெண் ஒருத்தி அனுப்பியதைத்தான் ஞானஜோதி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இறந்துபோன தச்சர் ஒருவரின் மகள் அந்தப் பெண். அப்பாவின் சுத்தியல், உளி, ரம்பம், இழைப்புளி அத்தனையையும் வெள்ளைக் களிமண்ணில் அச்சு அசலாகச் செய்து சுட்டிருந்தாள். மேலே பளபளப்புப் பூச்சு கிடையாது. ஈரம் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியை ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகவிட்டு, கையுறை போட்டு, ஜெயவேலுவும் அவளுமாக ஒவ்வொன்றாக எடுத்து நீளமான மேசையில் அடுக்கினார்கள். மேலே கவிழ்க்க வேண்டிய கண்ணாடி இன்னும் வந்து சேரவில்லை. மூடாத பொருளுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவளே அவள்தான்.

மறுநாள் ஆயுத பூஜை.

பூஜை நேரத்தில் ஞானஜோதி வெளியே போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை. உள்ளே நின்றால் தீபத் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று அவர்கள் தவிப்பார்கள், தொட்டுக்கொள்வதா வேண்டாமா என்று இவள் தவிப்பாள். எதற்கு இந்தப் பாடு? பிறகு ஜெயவேலு கொடுக்கும் பொரிப் பொட்டலத்தைச் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாள். சாமிக்குப் படைத்ததாயிற்றே என்று, வருஷா வருஷம் அதைப் பிரிக்காமலே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவாள்.

"கற்பூரம் மட்டும் உள்ள வேணாம், அண்ணா," என்றாள்.

"சரி மேடம். வாசல்லயே காட்டிட்றேன்."

சொன்னபடியே செய்தார். நெருப்பை நினைத்த அவளுடைய பாழாய்ப்போன தலைக்கு வேறு ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை. இவள் எதிர்க் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது ஏணிக்குப் பொட்டு, டிரில் மெஷினுக்குப் பொட்டு, தள்ளுவண்டிக்கு மாலை. மேசைப் பக்கம் திரும்பினாள். வெள்ளைச் சுத்தியலில் சந்தனம், நடுவில் குழைத்த குங்குமம். உளியிலும் அப்படியே. ரம்பத்திலும் அப்படியே. ஒன்று பாக்கியில்லை.

"யாரு அண்ணா வெச்சது?"

"நான்தான். கிளவுஸ் போட்டுகினுதான் வெச்சேன்," என்றார் ஜெயவேலு. "எல்லாத்துக்கும் வெச்சிட்டு, செத்துப்போன மனுஷன் ஆயுதத்த மட்டும் சும்மா வுட்டா நல்லாவா கீது?"

இதற்கு என்னவென்று திட்டுவது? ஈரப் பஞ்சால் ஓரத்தில் ஒற்றிப் பார்த்தாள். சந்தனம் வந்தது. குங்குமம் இன்னும் அகலமாகப் பரவி உள்ளே இறங்கியது. அவர் முகம் செத்துப்போனதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

சாயங்காலம் வீடியோ அழைப்பில் போர்ச்சுகல் பெண் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்குக் கையில் வெட்டுப்பட்டால் சுத்தியல் இப்படித்தான் இருக்கும் என்றாள். பிறகு, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கண்காட்சி இயக்குநர் தட்சிணாமூர்த்தி இரைந்துகூடப் பேசவில்லை. "அந்த ஆளுங்கள அனுப்பிடுங்க."

"மேசைகிட்ட நின்னிருக்க வேண்டியவ நான் சார். அவங்க மேல தப்பில்ல."

"அப்ப நீங்களும் அவங்களோட கிளம்புங்க."

அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஒரு பொருள் கெட்டால் சேதி கடல் தாண்டிப் போய்விடும், இனி எந்த ஊர்க் கண்காட்சியிலும் அவளை யாரும் பெட்டியைத் தொட விடமாட்டார்கள். அவள் காப்பாற்ற நினைத்த ஆட்களும் போனார்கள். வந்த மேனிக்குத் திரும்பாத அந்த ஆயுதங்களை அவளும் ஜெயவேலுவும் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

கிளம்பும்போது அவர் பொட்டலத்தை நீட்டினார்.

"பொரி மேடம். படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வெச்சது. வருஷா வருஷம் அப்படித்தான். குங்குமம் பட்டா நீங்க சாப்ட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த மண்ணு ஆயுதத்துக்கும் படக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்ற பொரி. கிளறிக் கிளறிப் பார்த்தாள், ஒரு துளிச் சிவப்பு இல்லை. தாம்பரம் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.