முக்கோணக் குழிக்குள் மூன்று வருஷம்

குவாண்டம் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. என்ன வேலை என்று யாரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பெண் பார்த்த படலம்

எழுபதுகளின் கடைசி. நாட்டின் தலைநகரில், கிட்வாய் நகரில் அண்ணனின் சர்க்கார் குவார்ட்டர்ஸில் தங்கி பி.எச்டி. செய்துகொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் முடிக்காவிட்டால் சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டுவது என்று அப்பாவோடு ஒப்பந்தம்.

என் பாடம் முக்கோணக் குழி. ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு. நடுவில் சிக்கிய எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்குப் போட வேண்டும். ஜனக்புரியிலிருந்து பெண் பார்க்க வந்த பையனின் அம்மாவுக்கு இதை அரைமணி நேரம் ஆசை ஆசையாக விளக்கினேன். அவர் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அண்ணியிடம் சொன்னார்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. இதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் சரியாப் போயிடும்."

ஜன்னல்

கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு ஜன்னல். கணக்கைத் துளைகளாகப் போட்ட கார்டுக் கட்டை இன்று கொடுத்தால் விடை நாளைக்கு வரும். என் விடையோ, ஆய்வகத்தில் அளந்த எண்ணைவிட எப்போதும் குறைவாகவே வந்தது. புரொபசர் வெளிநாட்டில். கடிதம் போட்டால் ஒரு மாதம் கழித்து, "மறுபடி சரிபார்" என்று ஒற்றை வரி வரும். டிபார்ட்மெண்டில் சிநேகிதி என்று யாரும் கிடையாது. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். அழுகையாக வரும்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஊழியர் எனக்கு பையா, அதாவது அண்ணா; நான் அவருக்கு தீதி, அக்கா. அவர் மட்டும் விடை அச்சான காகிதத்தை நீட்டிவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை நிற்பார். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "இன்னைக்கும் இல்லையா, தீதி?"

அண்ணியின் முறம்

கெடு முடிய ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை அண்ணி ரேஷன் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஆள் கிடைக்காமல் அவளிடமே ஆரம்பித்தேன். "முறம் மாதிரிதான் அண்ணி. பின்பக்கம் விளிம்பு, முன்பக்கம் சரிவு. எலக்ட்ரான் ரெண்டு பக்கமும் போய் ஒரே மாதிரி திரும்பி வரும்."

அண்ணி முறத்தை ஒரு ஆட்டு ஆட்டினாள். "இந்தப் பக்கம் நச்சுனு இடிக்குது. அந்தப் பக்கம் ஏறி, தயங்கித் திரும்புது. ஒரே மாதிரியாம்ல! போய்க் குளிச்சிட்டு வா, ஜல்தி."

அரையும் முக்காலும்

குளிக்கப் போனவள் தலையில் ஊற்றின சொம்போடு நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் சரிவாக இருந்தால்தான் சூத்திரத்தில் அரையைக் கூட்ட வேண்டும். ஒரு பக்கம் சுவர் என்றால் முக்கால். நான் அரை போட்டிருந்தேன். அடி மண்டூகமே, மூன்று வருஷமாக!

மறுநாள் ஒரே ஒரு கார்டை மாற்றிக் கொடுத்தேன். அதற்கு மறுநாள் ஹோலிக்கு முந்தின தினம், டிபார்ட்மெண்டே காலி. விடை அச்சாகப் பொருந்தியிருந்தது. சொல்ல ஆளில்லை. ஜன்னலிலேயே நின்று, "வந்துடுச்சு பையா, வந்துடுச்சு!" என்று அழுதேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "அச்சா!" என்றார். அப்புறம் கார்டுக் கட்டை ரப்பர் பாண்டு போட்டு மெதுவாக நீட்டினார். "அப்போ இனிமே வர மாட்டீங்களா, தீதி?"

கேசரி சாப்பிட வந்தவர் வரை எல்லோருக்கும் எலக்ட்ரானை விளக்கிய நான், மூன்று வருஷமாக என் விடைக்காகக் காத்திருந்த அந்த ஒரே மனிதருக்கு மட்டும் ஒரு வார்த்தை விளக்கியதில்லை.