சட்டியில் குறைந்த கொழுப்பு

போன வாரம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு ஆறு சொட்டு. மகள் வந்து பார்த்தாள். அப்பாவுக்கு மூளை கலங்கத் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டியிருப்பாள் போலிருக்கிறது. பூச்சோங்கிலிருந்து குழாய்க்காரரை வரவழைத்துவிட்டாள். அவர் பாதி முறுக்கும்போதே, "போதும், ரொம்ப இறுக்காதீங்க" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கிள், சொட்டுனா பில் ஏறும்லா. புது வாஷர் போட்டிருக்கேன். இனிமே ஒரு சொட்டு வராது பாருங்க."

வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினோம். அன்று முழுக்க எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சொட்டு நின்றால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தபோது நான் ரயில் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் சரசுவும். பட்டறையில் ஒருநாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து, படகு இஞ்சின் தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் ரயில் இஞ்சினின் பாய்லருக்குள் கொதிக்கிற தண்ணீர்தான். ஆனால் கை தூக்கியவனுக்கு ராணுவக் கைப்பட்டை கிடைக்கும் என்று பக்கத்தில் நின்றவன் முணுமுணுத்தான். முத்திரை குத்திய வெறும் துணித்துண்டு அது. அதைக் கையில் கட்டியிருந்தவனைத் தெருவில் பிடித்து லோரியில் ஏற்ற மாட்டார்கள். கட்டாதவர்கள் பாசாருக்குப் போய்விட்டு வீடு திரும்பாததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தோட்டங்களில் தொழிலாளர் வீடுகள் லயம் லயமாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆழம் தெரிந்துதான் விட்டேன்.

கிள்ளான் ஆற்றில் என்னிடம் ஒப்படைத்தது ஒரு பாய்மரப் படகு. யாரோ துரை ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று வாங்கப் போன படகு. சண்டை வந்ததும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். காற்று இல்லாத நாளுக்கென்று வயிற்றில் சின்னதாக ஓர் இஞ்சின். நான் போவதற்கு முன்பே பாய் காணாமல் போயிருந்தது. துணி கிடைக்காத காலம் அல்லவா, யாரோ கழற்றிக் கால்சட்டை தைத்துக்கொண்டார்கள். பாசாரில் எவனாவது விறைப்பாக நடந்து வந்தால், "அதோ பாரு தம்பி, நம்ம பாய் நடந்து வருது" என்பார் காதர் அண்ணன்.

காதர் அண்ணன்தான் அந்தப் படகின் சாரங்கு, அதாவது அதை ஓட்டுகிற தலைவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நாகப்பட்டினக் கரைக்காரர், அவருடைய தம்பி கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா என்ற தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் பரம்பரைச் சைவம் என்று தெரிந்த நாளிலிருந்து காதர் அண்ணனுக்கு நான் ஒரு வேடிக்கைப் பொருள். மீன் குழம்புச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாசம் பிடிச்சா தோஷமா தம்பி?" என்று அக்கறையாக விசாரிப்பார். எங்கள் இருவர் கையிலும் கைப்பட்டை இருந்தது. அந்தப் படகு ஓடுகிற வரைக்கும்தான் அது கையில் இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

பாய் இல்லாததால் எல்லாப் பாரமும் இஞ்சின் தலையில். இஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு படகின் அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு போய் வெளியே விசிறியைச் சுற்றும். துளை இருந்தால் ஆறு உள்ளே வருமே. அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு பித்தளைக் கழுத்து. அதற்குள் கொழுப்பில் ஊறிய நூல்கயிற்றை வளையம் வளையமாகத் திணித்து, மேலே ஒரு பெரிய நட்டால் அழுத்துவார்கள். கிளாண்டு என்போம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. முழுக்க அடைத்துவிடக் கூடாது. நிமிஷத்துக்கு ஐந்தாறு சொட்டு உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டு நின்றால் கயிறு கருகும், தண்டு புண்ணாகும்.

சில மாதத்துக்கொருமுறை கயிற்றை மாற்ற வேண்டும். முன்பு சீமையிலிருந்து டப்பாவில் வருமாம். இப்போது எங்கே போவது? காதர் அண்ணன் தம்பியின் கடைப் பக்கம் அலைந்து, ஒரு கட்டு அரிக்கேன் விளக்குத் திரி வாங்கி வந்தார். மண்ணெண்ணெய் இல்லாத ஊரில் திரியை யார் வாங்குவார்கள், கடைக்காரர் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டாராம். சரசு அதைப் பிரித்து, நாலு புரியாகச் சடை பின்னுவதுபோல் சதுரமாகப் பின்னிக் கொடுத்தாள். நல்ல இறுக்கமான பின்னல்.

மிச்சம் வேண்டியது கொழுப்பு. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அந்த வருஷம் அவர்கள் தெருவுக்கே சேர்த்து ஓர் ஆடுதான் குர்பானி. பங்கு வைத்தபோது, மற்றவர்கள் கறித்துண்டுக்குக் கையை நீட்ட, காதர் அண்ணன் கொழுப்பை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கும் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். இலையில் சுற்றி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அவரே எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. ஓங்க வீட்டு அடுப்புல இத உருக்கணும், எங்க வீட்டுல வச்சா பசியில புள்ளைங்க தொட்டுரும். படகு சாப்புடப் போற சாப்பாடு இது, நாம இல்ல."

சரசு சமையலறைக்குள் விடவில்லை. கொல்லையில் மூன்று கல்லை வைத்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உருக்கினாள். ஒரு மண்சட்டி நிறைய வந்தது. பாதியில் கயிற்றை ஊறவைத்தோம். மீதியை அடுத்த தடவைக்கென்று சட்டியோடு மூடி, கொல்லைச் சுவர் மாடத்தில் வைத்தாள். கடல் வற்றி ஆற்றில் தண்ணீர் இறங்குகிற நேரமாகப் பார்த்துப் படகைச் சேற்றில் உட்காரவிட்டு, சைக்கிள் கம்பியை வளைத்துப் பழைய கயிற்றைத் தோண்டி எடுத்துவிட்டு, புதியதை நானும் காதர் அண்ணனும் போட்டோம். ஒரு வளையத்தின் வாய் மேலே என்றால் அடுத்ததன் வாய் கீழே இருக்க வேண்டும். நட்டைக் கையாலேயே முறுக்கி விட்டேன். ஆறு சொட்டு. நாலு மாதம் படகு ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

இனி வருவதுதான் சொல்லக் கஷ்டமானது.

அந்த நாலு மாதத்தில் அரிசி கண்ணிலிருந்து மறைந்தது. காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி, இடையில் மரவள்ளியைப் பற்றிய பேச்சு. வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவேன். சரசு தன் பங்கையும் என் தட்டில் தள்ளுவாள். நான் திருப்பித் தள்ளுவேன். ஒரு விடியற்காலை பல் துலக்கக் கொல்லைக்குப் போனவன், சட்டியை எறும்பு மொய்த்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். என் வம்சத்தில் யாரும் தொடாத பொருள். குமட்டும் என்று எதிர்பார்த்தேன். குமட்டவில்லை.

பிறகு ஒவ்வொரு வாரமும். முந்தின நாள் கிழங்குத் துண்டு ஒன்றை மடியில் ஒளித்துக்கொண்டு போய், அதில் தடவி, உப்புக்கல் ஒன்றைக் கடித்துக்கொண்டு தின்றேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்குப் பத்தும் பறந்தன. வெட்கம் மட்டும் பறக்கவில்லை. வாயை வேப்பங்குச்சியால் ரத்தம் வரத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

மறுபடி கயிறு மாற்றுகிற நாள் வந்தபோது சட்டியில் இரண்டு கரண்டிகூட இல்லை. அன்றைக்காவது காதர் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சிரிப்பார், சிரித்தால் தம்பி கடைக்குத் தெரியும், அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு எவ்வளவு தூரம்? சரசு காதில் விழும். ஜப்பான்காரனின் கத்திக்குப் பயந்தேன் என்றாலாவது ஒரு கௌரவம் இருக்கும். நான் பயந்தது என் பெண்டாட்டியின் முகத்துக்கு. செம்பனை எண்ணெயை ஊற்றிச் சட்டியை நிரப்பி, கயிற்றை அதில் முக்கினேன்.

எண்ணெய் தண்ணீர் பட்டதும் கழுவிக்கொண்டு போய்விட்டது. வெறும் நூல் எதைத் தடுக்கும்? இரண்டாம் நாளே ஆறு சொட்டு போய் ஒழுக்காக வந்தது. எங்களோடு வருகிற ஜப்பானியச் சார்ஜன் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆயெர், ஆயெர்" என்று கத்தினான். அவனுக்குத் தெரிந்த மலாய் தண்ணீர் வரைக்கும்தான். என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எனக்குத் தெரியும், இறுக்கக் கூடாது என்று. அவன் தலைமேல் நின்றான். நட்டை முறுக்கினேன். முறுக்க முறுக்கச் சொட்டு நின்றது. சார்ஜன் திருப்தியோடு தலையை ஆட்டினான்.

ஆற்று வாயைத் தாண்டும்போது கருகல் நாற்றம். தண்டு கையில் தொட முடியாத சூடு. பிறகு ஒரு கிறீச்சல், இஞ்சின் நின்றுபோனது. இறங்குகிற தண்ணீர் எங்களைச் சேற்றுத் திட்டில் ஏற்றி உட்காரவைத்தது. எதிர்க்கரையில் ஓர் அதிகாரி சார்ஜனுக்காகக் காத்திருந்தார். மறுபடி தண்ணீர் ஏறும்வரை அவன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரைக்கு வந்ததும் ஒரு மொழிபெயர்ப்பாளனை வைத்துக் கேட்டான், யாருடைய வேலை என்று. கருகிய கயிற்றைக் காதர் அண்ணன் விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து கைக்கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"என் கொழுப்புதான் சரியில்ல போல தம்பி. பஞ்சத்து ஆடு, நாலு மாசம் தாங்குற சத்து அதுல ஏது. நான்தானே கொண்டாந்தேன்."

அதையே மொழிபெயர்ப்பாளனிடம் மலாயில் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, நண்பரே. அப்படித்தான் நடந்தது என்று மெய்யாகவே நம்பிச் சொன்னார். அவருடைய கைப்பட்டையை அங்கேயே அவிழ்த்தார்கள். புண்ணான தண்டைக் கடைந்து சரிபண்ண ஆள் வேண்டும் என்பதால் என்னுடையதை விட்டுவைத்தார்கள். நாலாம் நாள் அவரை லோரியில் ஏற்றிக் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்று அவருடைய தம்பி வந்து சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் உங்களைத்தான் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார் என்றார். அதே வாரம் சார்ஜன் ஒரு டப்பா கிரீஸ் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அது அவர்கள் கிடங்கில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பி வந்தார்கள். ஸ்டேஷனில் ஒரு மாதம் போய் நின்றேன். காதர் அண்ணன் வரவில்லை. அவர் எந்த இடத்தில் விழுந்தார் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அவர் மனைவி பிள்ளைகளோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினாள். படகு ஆற்றங்கரையிலேயே மக்கி, அதன் பித்தளையை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மஸ்ஜித் இந்தியா கடை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி நிற்கிறது. எங்கள் படகு போய்வந்த துறைமுகத்துக்கு அன்றிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரே போய்விட்டது.

சரசுவும் போய் ஆறு வருஷமாகிறது. போவதற்கு முந்தின மாதம், ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னாள்.

"அன்னிக்குச் சட்டியில கொழுப்பு கொறைஞ்சுக்கிட்டே வந்தது எனக்குத் தெரியும். நீங்கதான்னு மொத வாரமே தெரியும். பசியில இருந்தீங்க, கேட்டா கூசிப் போயிருவீங்கன்னு விட்டுட்டேன்."

எந்த முகத்துக்குப் பயந்து ஒரு மனிதரை லோரியில் ஏறவிட்டேனோ, அந்த முகத்துக்கு முதல் வாரத்திலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது.

காதர் அண்ணனிடம் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு வீட்டில் கையேந்திக் கொழுப்பு கொண்டுவந்திருப்பார். அதற்கு முன்னால் தலையிலடித்துக்கொண்டு சிரித்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ருசி எப்படி இருந்தது என்று கேட்டிருப்பார்.

நன்றாகத்தான் இருந்தது அண்ணே.