ஜன்னலில் வைத்த மல்லிகை

கனகலக்ஷ்மிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், மாவு மில்லில் எடை குறைகிறது என்று தினமும் யாரையாவது பிடித்துக்கொள்வாள். புருஷனையும் விட்டுவைத்ததில்லை. கணபதிராமன் ரயில்வேயில் இருந்த காலத்தில், டியூட்டி முடிந்து கொஞ்சம் தாமதமாக வந்தாலே வாசலில் குறுக்கு விசாரணைதான். மனுஷன் சிரித்தே சமாளித்துவிடுவார்.

ரிடையராகி இந்த விஜயநகர் வீட்டுக்கு வந்தபின் அதெல்லாம் அடங்கியிருந்தது. பஸ் ஸ்டாப் பூக்காரி சித்தம்மா வந்து தன் கன்னடத் தமிழில் கொளுத்திப் போட்டாள். "தினா யஜமானரு மல்லிகை வாங்கிட்டு பஸ் ஏறறாரு. உங்க தலையில ஒருநாளும் காணோமே, அம்மா?"

வீட்டுக்கு ஒரு பூகூட வந்து சேரவில்லையே!

கேட்டால், "பூவா? எந்தப் பூ?" என்று முழித்தார். அடேயப்பா, என்ன நடிப்பு! போன வாரம் அவளைக் கூப்பிட வாயெடுத்தவர், பெயர் வராமல் நின்றாரே, அதுவும் இப்போதுதான் உறைத்தது. மனசில் எவளோ இருந்தால் இவள் பெயர் எப்படி வரும்? இந்த வயசில், கர்மம், கர்மம்! அடுப்படியில் நின்று அழுது தீர்த்தாள்.

மறுநாள் அவர் பூவோடு பஸ் ஏறியதும் இவள் ஆட்டோ பிடித்துப் பின்தொடர்ந்தாள். அவர் அக்ரஹாரம் ஸ்டாப்பில் இறங்கி, ஒரு சந்துக்குள் விறுவிறுவென்று போனார். பூட்டிக் கிடந்த வீட்டு ஜன்னலில் பூவை வைத்துவிட்டுக் காத்து நின்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி வந்து குடித்தனம் பண்ணிய வாடகை வீடு! அம்மா எதிரில் பெண்டாட்டிக்குப் பூ கொடுக்க வெட்கப்பட்டு, அந்த நாளில் இந்த ஜன்னலில்தான் வைப்பார். அவள் உள்ளிருந்து கையை நீட்டி எடுத்துக்கொள்வாள். இப்போது அங்கே முந்தைய நாட்களின் சரங்களும் காய்ந்து கிடந்தன.

"ஏன்னா!" என்று ஓடிப்போய்ச் சரத்தை எடுக்கப் போனாள்.

அவர் கையைக் குறுக்கே நீட்டினார். "தொடாதீங்கோ மாமி. அது என் ஆத்துக்காரிக்கு. இதோ வந்துடுவா." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கனகம் மகா சந்தேகப் பிராணி. உங்களோட பேசறதைப் பார்த்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

சொல்லும்போதே அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. பெயர்கூடத் தடுமாறாமல் வந்தது.

கனகலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி மாமா, நான் தள்ளி நிக்கறேன்" என்றாள்.

எதிர் வீட்டுச் சுவரோரமாகப் போய் நின்று, கனகம் வருகிறாளா என்று அவளும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.